காலநிலை படிக்க செமினாரா, விரிவுரையா, வேறு ஏதாவதா?

அடுத்த பருவத்தில் காலநிலை மாற்றம் பற்றி ஒரு பாடமாவது படித்துவிட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். பாடப் பட்டியலைத் திறந்தால் ஒன்றுக்கு நாலாகக் கண்ணில் படுகிறது. 'காலநிலை மாற்றம்: அன்றும் இன்றும்' என்ற மாதிரித் தலைப்பில் ஒரு செமினார். பத்துப் பதினைந்து பேருக்குத்தான் இடம், வாரம் ஒருமுறை உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரைகளை அலசுவார்கள். அப்புறம், பெரிய அரங்கில் நடக்கும் காலநிலை அறிவியல் அறிமுக விரிவுரை. கணினியில் மாடல் ஓட்டிப் பார்க்கும் பாடம் ஒன்று. ஒப்பந்தங்கள், கார்பன் வரி என்று போகும் கொள்கைப் பாடம் இன்னொன்று. இதற்கு நடுவில், "எல்லாம்தான் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே, எதற்கு ஒரு பாடத்தைச் செலவழிக்கிறாய்?" என்று கேட்கும் நண்பர்.

நான் விரிவுரையை முதலில் படித்தேன், அடுத்த ஆண்டு செமினார், கடைசியில் மாடலிங். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பாடத்துக்குத்தான் இடம் இருக்கிறது, அடிப்படை இயற்பியலும் வேதியியலும் ஓரளவு தெரியும், வாரம் ஆறேழு மணி நேரம் வாசிப்புக்கு ஒதுக்க முடியும் என்றால் செமினாரை எடுங்கள். அடிப்படையோ நேரமோ இல்லையென்றால் வேறு வழி நல்லது.

ஒரே வரைபடம், இரண்டு வகுப்பு

வேறுபாட்டைச் சொல்ல எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் ஒரு வரைபடம். அண்டார்டிகாவில் டோம் சி என்ற இடத்தில் எபிகா என்ற ஐரோப்பியத் திட்டம் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகத் துளையிட்டு, உருளை உருளையாகப் பனியை வெளியே எடுத்தது. ஐஸ் கோர் என்கிறார்கள். அதில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளை அளந்து, கடந்த 8,00,000 ஆண்டுகளின் கார்பன் டை ஆக்சைடு அளவை வரைந்திருக்கிறார்கள். பனியுகங்களில் சுமார் 180 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்ற அளவு), இடைப்பட்ட வெதுவெதுப்பான காலங்களில் 280, எப்போதாவது 300-ஐத் தொடும். இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

விரிவுரையில் அந்தப் படம் இரண்டு நிமிடம் திரையில் இருந்தது. குறிப்பெடுத்துக்கொண்டேன், தேர்வில் எழுதினேன், மதிப்பெண்ணும் வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது என்றே நம்பினேன்.

செமினாரில் அதே படத்தோடு மூன்று வாரம் இருந்தோம். வேதியியல் துறையிலிருந்து வந்த ஒரு மாணவி முதல் நாளே கேட்டார்: காற்று பனிக்குள் எப்படிப் போய் அடைபட்டது? பதில் எளிதுதான். மேலே விழும் பனி உடனே கட்டியாகிவிடாது. மேலும் மேலும் பனி விழுந்து அழுத்த அழுத்த, பல பத்து மீட்டர் ஆழத்தில்தான் துளைகள் மூடிக்கொள்கின்றன. அதுவரை மேலே இருக்கும் காற்று உள்ளே போய்வந்துகொண்டே இருக்கும். ஆகவே குமிழியில் இருக்கும் காற்று, அதைச் சுற்றியிருக்கும் பனியைவிட வயதில் இளையது. சில இடங்களில் நூற்றுக்கணக்கான ஆண்டுகள், பனி குறைவாக விழும் இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள்.

இந்தச் சின்ன விவரத்தில்தான் பெரிய சண்டை ஒளிந்திருக்கிறது. அன்றைய வெப்பநிலையைப் பனியின் ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதம், சொல்கிறது, கார்பன் டை ஆக்சைடை அதிலிருக்கும் குமிழி சொல்கிறது. இரண்டுக்கும் வயது வேறு. அப்படியானால் பனியுகம் முடிந்தபோது முதலில் ஏறியது எது? வெப்பமா, வாயுவா? "வெப்பம்தான் முதலில் ஏறியது, ஆகவே கார்பன் டை ஆக்சைடு காரணமில்லை" என்று வாதாடுபவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான்.

எங்களுக்கு மூன்று கட்டுரைகளைக் கொடுத்தார்கள். 2003-ல் கையோன் குழு குமிழிக்குள்ளேயே இருக்கும் ஆர்கான் ஐசோடோப்பை வெப்பமானியாகப் பயன்படுத்தி, வயதுச் சிக்கலைத் தவிர்த்தது. சுமார் 2,40,000 ஆண்டுகளுக்கு முன் முடிந்த ஒரு பனியுகத்தில், அண்டார்டிகா சூடான பிறகு ஏறக்குறைய 800 ஆண்டு கழித்தே கார்பன் டை ஆக்சைடு ஏறியது என்று கண்டது. 2012-ல் ஷாகுன் குழு அண்டார்டிகாவோடு நிற்காமல் உலகம் முழுவதிலிருந்தும் 80 பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. கடைசிப் பனியுகம் முடிந்த காலத்தில், உலகச் சராசரி வெப்பநிலை பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடுக்குப் பின்னால்தான் ஏறியது என்று அதில் தெரிந்தது. அடுத்த ஆண்டே பரெனின் குழு, அண்டார்டிகாவில் கூட இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறின என்றது.

மூன்றையும் வாசித்துவிட்டு வந்த அன்று வகுப்பில் குழப்பம். எது சரி? இரண்டு மணி நேரம் பேசிப் பேசித்தான் அது தெளிந்தது. பூமியின் சுற்றுப்பாதையும் சாய்வும் மெல்ல மாறி வடக்கே கோடைவெயில் கூடுகிறது, பனிப்பாளம் உருகத் தொடங்குகிறது, கடலின் ஓட்டம் மாறுகிறது, தெற்கே கடல் தன்னிடம் இருந்த கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறது, அந்த வாயு உலகம் முழுவதையும் மேலும் சூடாக்குகிறது. தொடங்கிவைத்தது ஒன்று, பெருக்கியது இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

ஆசிரியர் அதோடு விடவில்லை. "சரி, அன்று கடல்தான் வாயுவைக் கொடுத்தது. இன்றைக்கு ஏறுவதும் கடலிலிருந்து வரவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?" என்றார். யாரிடமும் பதில் இல்லை. அடுத்த வார வாசிப்பு அதுதான். கடல் இன்று வாயுவை வெளியே விடவில்லை, நாம் விடுவதில் ஏறக்குறைய கால் பங்கை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் கடல்நீரின் காரத்தன்மை குறைந்துவருகிறது. காற்றில் இருக்கும் கார்பனில், சற்றே எடை கூடிய வகையான கார்பன்-13-ன் பங்கு குறைகிறது. தாவரத்திலிருந்து உருவான நிலக்கரி, எண்ணெயின் கையெழுத்து அது. கூடவே காற்றில் ஆக்சிஜனும் நுட்பமாகக் குறைகிறது, எரித்தால் குறையத்தானே செய்யும். மூன்று சான்றுகளும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன.

பழைய பனியைப் பற்றிய ஒரு கேள்வி இப்படி இன்றைய புகைபோக்கியில் கொண்டுவந்து விட்டது. கடந்தகாலத்தையும் நிகழ்காலத்தையும் ஒரே மேசையில் வைப்பதன் பலன் இதுதான். இந்தப் பாய்ச்சல் எனக்கு வேறெந்த வகுப்பிலும் கிடைக்கவில்லை.

ஆனால் விரிவுரை இல்லாமல் முடியுமா?

அந்த மூன்று வாரமும் நான் ஈடுகொடுத்தேன் என்றால், அதற்கு முந்தைய ஆண்டின் விரிவுரைதான் காரணம். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பசுங்குடில் விளைவு இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸாக இருந்திருக்கும், இருப்பதால்தான் 15-க்கு அருகில் இருக்கிறது என்ற கணக்கை, ஒரு தாளில் நாமே போட்டுப் பார்க்க வைப்பது விரிவுரை. 1856-ல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்க ஆய்வாளர் வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்துப் பார்த்ததில் தொடங்கி, வெப்பத்தைப் பிடிக்கும் வாயுக்கள் பற்றி இயற்பியலாளர் டிண்டால் எடுத்த அளவீடுகள், 1896-ல் வேதியியலாளர் அரேனியஸ் கையால் போட்ட கணக்கு, 1967-ல் மனாபேயும் வெதரால்டும் உருவாக்கிய மாடல் என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகும். கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்கானால் எவ்வளவு சூடாகும் என்ற கேள்விக்கு அந்த 1967 மாடல் சொன்னது சுமார் 2.3 டிகிரி. 2021-ல் வந்த ஐ.பி.சி.சி. (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) அறிக்கை 2.5 முதல் 4 வரை, பெரும்பாலும் 3 என்கிறது. இந்த வரிசை மனதில் இல்லாமல் செமினாருக்குப் போனால், எல்லோரும் பேசும்போது வார்த்தைகள் காதில் விழும், பொருள் பிடிபடாது. எங்கள் செமினாரில் இரண்டு பேர் நான்காம் வாரமே விலகினார்கள். இருவரும் கெட்டிக்காரர்கள்தான். கதிர்வீச்சுச் சமநிலை என்ற சொல்லையே முதல்முறையாகக் கேட்கிறவர்களுக்கு அந்த வேகம் பெரிய கொடுமை.

ஆகவே அறிவியல் பின்னணி இல்லாதவர்களுக்கு என் பதில் மாறிவிடும். முதலில் விரிவுரை. செமினார் அடுத்த ஆண்டும் இருக்கும்.

விரிவுரைக்கு இன்னொரு நன்மையும் உண்டு, சமமாகப் பரப்பித் தரும். மேகம், கடல், பனி, உயிர்க்கோளம் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வாரம் கிடைக்கும். செமினார் அப்படி இல்லை. நடத்துகிறவரின் ஆராய்ச்சி எதுவோ, அந்தப் பக்கம் சாயும். ஐஸ் கோர் ஆள் நடத்தினால், பழங்காலக் காலநிலையைச் சொல்லும் மற்றச் சான்றுகளான குகைப் படிவுகளும் பவளப்பாறைகளும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். கடலடிச் சேற்றை ஆராய்கிறவர் என்றால் ஃபொராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர் ஓடுகளே பருவம் முழுவதும் வரும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஒன்றில் ஆழ்ந்தவரிடம் கற்பதே பெரிய விஷயம். ஆனால் தெரிந்துகொண்டு சேருங்கள்.

செமினாரின் சுமை

வாரம் இரண்டு அல்லது மூன்று ஆய்வுக் கட்டுரைகள். ஒவ்வொன்றும் முதல் வாசிப்பில் புரியாது. நான் கற்றுக்கொண்ட முறை: முதலில் சுருக்கம், பிறகு படங்கள், பிறகு முடிவுரை, கடைசியாகத்தான் செய்முறை. ஒரு கட்டுரைக்கு இரண்டு மணி நேரமாவது போகும். இதோடு ஒருமுறையாவது நீங்களே முன்னால் நின்று ஒரு கட்டுரையை விளக்க வேண்டும், முடிவில் ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். தேர்வை நன்றாக எழுதியே பழகியவர்களுக்கு இது பழக்கமில்லாத சுமை. பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு மதிப்பெண் குறையும் அபாயமும் உண்டு. கூச்சம் இருந்தால் முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லிவிடுவது நல்லது. வாரம் ஒரு கேள்வியை எழுதிக் கொடுக்கச் சொல்லி அதற்கு மதிப்பெண் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

என் விளக்கவுரை 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பெரிய வெப்ப ஏற்றத்தைப் பற்றியது. பேலியோசீன், இயோசீன் என்ற இரண்டு புவியியல் காலங்களின் எல்லையில் உலகம் 5, 6 டிகிரி சூடான காலம். "இன்று நடப்பது அப்படியே அதுதான்" என்று முடித்தேன். பின் வரிசையிலிருந்து ஒருவர், "வேகம் என்ன?" என்று மட்டும் கேட்டார். நான் அளவைப் பார்த்திருந்தேன், வேகத்தைப் பார்க்கவில்லை. 2016-ல் வந்த ஒரு ஆய்வின்படி, அன்று கார்பன் வெளியேற 4,000 ஆண்டுகளாவது ஆனது; ஆண்டுக்கு 110 கோடி டன் கார்பனைவிடக் குறைவு. இன்று நாம் விடுவது ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன். அதாவது ஏறக்குறைய பத்து மடங்கு வேகம். அன்றைய நிலையிலிருந்து பூமி மீண்டுவர ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் பிடித்தது. என் முடிவு தவறு மட்டுமில்லை, நிலைமையைக் குறைத்துச் சொன்ன தவறு. அந்த ஒரு கேள்விக்குப் பிறகு எந்தப் பழங்கால ஒப்பீட்டைப் பார்த்தாலும் முதலில் வேகத்தைத் தேடுகிறேன்.

தனியாக வீட்டில் வாசித்திருந்தால் அந்தக் கேள்வி எனக்கு வந்திருக்காது. நண்பரின் "இணையத்தில் படித்துக்கொள்ளலாமே" என்ற யோசனைக்கு என் பதில் இதுதான். தகவல் என்று பார்த்தால் அவர் சொல்வது சரி. ஐ.பி.சி.சி. அறிக்கைகள் இலவசம். ஹவாயின் மௌனா லோவா மலையில் எடுக்கும் கார்பன் டை ஆக்சைடு அளவீடுகள் அன்றாடம் வெளியாகின்றன. பழங்காலக் காலநிலைத் தரவுகளை அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா பொதுவில் வைத்திருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கும், பல்கலைக்கழகம் எட்டாதவர்களுக்கும் இது பெரிய வரம். கிடைக்காதது, நாம் தப்பாகப் புரிந்துகொண்டதைத் தடுத்து நிறுத்தும் ஆள் மட்டும்தான். தனியாகப் படிப்பதென்றால் கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வாரம் ஒருமுறை பேசுங்கள், பாதி செமினார் கிடைத்துவிடும்.

மாடலிங், கொள்கை

நிரல் எழுத வரும், மேற்படிப்புக்கோ ஆராய்ச்சிக்கோ போகும் எண்ணம் இருக்கிறது என்றால் மாடலிங் பாடம் செமினாருக்குச் சமமான போட்டி. சொல்லப்போனால் வேலைக்குக் காட்டக்கூடிய திறமை அதில்தான் கையில் கிடைக்கும். ஆனால் மாடலை எதை வைத்துச் சோதிப்பது என்ற கேள்வி வரும்போது மறுபடியும் கடந்தகாலத்துக்கே போக வேண்டியிருக்கிறது. சி.இ.எஸ்.எம்.2 என்ற மாடல் கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் 5 டிகிரிக்கு மேல் சூடாகும் என்றது. அதே மாடலை சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுக உச்சத்துக்கு ஓட்டிப் பார்த்தபோது, சான்றுகள் காட்டுவதைவிட மிகக் கடுமையான குளிரைக் காட்டியது. அன்றைய குளிர்ச்சி 5 முதல் 7 டிகிரி என்பது ஐ.பி.சி.சி. மதிப்பீடு. ஆக, அந்த மாடலின் உணர்திறன் (கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் எவ்வளவு சூடாகும் என்ற அளவு) அளவுக்கு மீறியது என்று பழைய சேறும் பனியும் சொல்லிவிட்டன. செமினார் படித்தவர்களுக்கு இது ஏன் பெரிய செய்தி என்று உடனே புரியும்.

கொள்கைப் பாடத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. சட்டம், அரசுப் பணி, பத்திரிகை என்று போகிறவர்களுக்கு அது அவசியம். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 1.5 டிகிரி எதிலிருந்து 1.5 என்று கேட்டால், 1850–1900 சராசரியிலிருந்து என்ற பதில் வரும். ஏன் அந்த ஐம்பது ஆண்டு என்று கேட்டால் மீண்டும் வெப்பமானிகளின் வரலாற்றுக்கு வர வேண்டும். இரண்டும் படிக்க முடிந்தால் செமினார் முதலில், கொள்கை பிறகு.

சேருமுன் கேட்க வேண்டியவை

எல்லா செமினாரும் நல்ல செமினார் இல்லை. ஆசிரியரிடம் வாசிப்புப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள், தயங்காமல் தருவார்கள். முதல் பாதி முழுக்கப் பழங்காலம், இரண்டாம் பாதி முழுக்க நிகழ்காலம் என்று பிரித்திருந்தால் எனக்கு அவ்வளவு உவப்பில்லை. இரண்டும் ஒன்றோடொன்று மோதும் வாரங்கள் இருக்க வேண்டும். உதாரணமாக, கிரீன்லாந்தில் பனியுக நடுவே சில பத்தாண்டுகளிலேயே 8 முதல் 16 டிகிரி வரை ஏறிய திடீர் வெப்ப ஏற்றங்களை வாசிக்கும் அதே வாரத்தில், அவற்றோடு தொடர்புடைய அட்லாண்டிக் கடல் ஓட்டத்தின் இன்றைய நிலையையும் வாசிப்பது.

சான்றுகளின் பலவீனத்தைப் பேசும் வாரம் உண்டா என்றும் பாருங்கள். பழைய வெப்பநிலையைக் கணிக்க உதவும் மர வளையங்களை எடுத்துக்கொள்வோம். வடக்குக் காடுகள் சிலவற்றில் 1960-க்குப் பிறகு வளையங்கள் வெப்பநிலையோடு சேர்ந்து ஏறவில்லை. விமர்சகர்கள் இதைப் பெரிதாக்குவார்கள், சில ஆதரவாளர்கள் பேசவே மாட்டார்கள். எங்கள் வகுப்பில் அதை வெளிப்படையாக எடுத்துவைத்து, எந்த மரங்களில், எந்த அளவுகோலில் நடக்கிறது, மர வளையமே இல்லாமல் பவளம், பனி, ஏரிச்சேறு வைத்துப் பார்த்தால் முடிவு மாறுகிறதா என்று பார்த்தோம். இருபதாம் நூற்றாண்டின் ஏற்றம் அப்படியும் அசையவில்லை. குறையை மறைக்காமல் காட்டியதால்தான் அந்த முடிவின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

பதினெட்டு பேருக்கு மேல் இருந்தால் அது செமினார் என்ற பெயரில் நடக்கும் சின்ன விரிவுரை. மதிப்பெண் இல்லாமல் சும்மா உட்கார்ந்து கேட்பது விரிவுரைக்குச் சரி, செமினாருக்குச் சரிப்படாது; வாசிக்காமல் வந்தால் அங்கே ஒன்றும் கிடைக்காது. உண்மையான சேற்று உருளையையோ மரத்துண்டையோ ஆய்வகத்தில் ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பு உண்டென்றால், அதற்காகவே சேரலாம்.

செமினார்தான் என்று முடிவு செய்துவிட்டால், முதல் வகுப்புக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். 80 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தாள்களை ஒட்டி, அதில் 8,00,000 ஆண்டுகளைக் கோடாகப் போடுங்கள். ஒரு மில்லிமீட்டர் 1,000 ஆண்டு. செங்குத்தாக ஒரு பி.பி.எம்.முக்கு ஒரு மில்லிமீட்டர். பனியுகங்களின் ஏற்ற இறக்கம் எல்லாம் 12 சென்டிமீட்டர் உயரத்துக்குள் அடங்கும். அப்புறம், 1958-ல் சார்லஸ் கீலிங் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியதிலிருந்து இன்றுவரை நடந்ததை வரையுங்கள். 315-க்கு அருகில் தொடங்கி 420-ஐத் தாண்டும் அந்தக் கோடு 10 சென்டிமீட்டருக்கு மேல் ஏறும், அகலமோ ஒரு தலைமுடிக் கனம். பென்சிலால் அவ்வளவு மெல்லியதாக வரைய முடியாது. அந்தத் தாளைச் சுருட்டி வகுப்புக்கு எடுத்துப் போங்கள்.